விதைமலை

எட்டாம் நம்பர் மலையில் நிற்பது
பன்னிரண்டாயிரம் செடி இல்லை.
ஒரே செடி,
பன்னிரண்டாயிரம் இடத்தில் நிற்கிறது.
தவறணையில் குந்தியிருந்து வெட்டியவள் நான்.
ஒரு கணு, ஓர் இலை, சாய்வாய் ஒரு வெட்டு,
பொலித்தீன் குழாய்க்குள் சிவப்பு மண், மேலே கிடுகு நிழல்.
அப்பன் என்று எதற்கும் ஒருவனில்லை.
பூவுக்கும் தேனீக்கும் அங்கே பேர் போடுவதில்லை.
துளிர்க்கிற நாளும் ஒன்று, இலையின் மினுக்கும் ஒன்று.
கணக்கப்பிள்ளைக்கு அது பிடிக்கும்,
கொழுந்து மட்டம் மேசை மாதிரி இருக்கும்.

ஒன்பதாம் நம்பர் அப்படியில்லை.
வெள்ளைக்காரன் காலத்து விதை.
ஒரு தூர் கருத்த பச்சை, பக்கத்துத் தூர் வெளிறல்,
ஒன்று மழை கண்ட மறுவாரம் கொழுந்து விடும்
ஒன்று வங்கி கட்டிக்கொண்டு முறைக்கும்.
தேயிலைப் பூ தன் மகரந்தத்தைத் தான் வாங்காது,
வேறொரு தூரிலிருந்து ஈயோ தேனீயோ கொண்டுவர வேண்டும்.
இங்கே பாதி, அங்கே பாதி.
எந்தப் பாதி என்று தாயைக் கேட்டால் தெரியாது
விதைக்கும் தெரியாது.

தவறணையில் இதை நான் படிக்கவில்லை.
ரொஷாந்தன் பூனைக்கண்ணோடு பிறந்தான்,
அதனால் படித்தேன்.

மஸ்கெலியா ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்து
"யாரு கண்ணுடி இது?" என்றாள் நாத்தனார் பவளக்கொடி.
பீலிக்கரையில் அந்தக் கேள்வி
வாளிக்குப் பின் வாளியாக நிறைந்தது.
பழைய துரையின் பெயர் வந்தது,
லொறி ட்ரைவரின் பெயர் வந்தது,
தோட்டம் முழுக்கக் கண் தேடினார்கள்.
என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமலிருந்த அந்த மூன்று மாதத்தை
நான் இன்னும் யாருக்கும் திருப்பித் தரவில்லை.

ஊசி போட வந்த மிட்வைப் மிஸ்
மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
"ஒரு பக்கம் மட்டும் வந்தா உள்ளேயே படுத்துக் கிடக்கும்.
ரெண்டு பக்கமும் வந்தா எழும்பிரும்.
நீயும் குடுத்திருப்பே, அவரும் குடுத்திருப்பாரு."
நானுமா?
இத்தனை நாள் எனக்குள் யாரோ கண்ணை மூடிக் கிடந்தார்களா?

ட்ரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
மாமனாரின் அடையாள அட்டை,
கப்பல் ஏறுமுன் என் சித்தப்பா பிடித்த படம்,
பெயர் மறந்த ஒருத்தி, கையில் நாற்காலி முதுகு.
எல்லாம் கருப்பு வெள்ளை.
கருப்பு வெள்ளையில் எல்லார் கண்ணும் சாம்பல்தான்.

மகனுக்கு இப்போது நாலு வயது.
மூக்கு அச்சு அசல் பவளக்கொடி.
அதைப் பற்றி மட்டும் பீலிக்கரையில் பேச்சில்லை.

போன ஆடியில் வெயிலே வரவில்லை.
கொப்புளம் வந்தது.
எட்டாம் நம்பரில் அது ஒரு செடியைத்தான் திறக்கப் பழகியது,
அந்தச் சாவி பன்னிரண்டாயிரம் கதவுக்கும் பொருந்தியது.
மருந்து அடித்தவர்களின் கை நீலமானது,
கூடை நிறையவில்லை, அரைப்பேர் போட்டார்கள்.
ஒன்பதில் சில தூர் கருகியது, சில தூர் தடுமாறி எழுந்தது.
மேட்டோரத்தில் ஒரு கோணல் தூர்,
கொழுந்து கசக்கும் என்று நாங்கள் திட்டுவது,
ஒரு புள்ளிகூட இல்லாமல் மழையில் நின்றது.
எந்தப் பூவின் எந்தப் பாதி அதைக் காத்ததென்று
மலையில் ஒருவருக்கும் தெரியாது.

ஐயாமார் வந்தார்கள், சிவப்பு நாடா கட்டினார்கள்.
"இதிலிருந்து ஐந்நூறு கணு வெட்டு."
வெட்டினேன். சாய்வாய் ஒரு வெட்டு, ஓர் இலை.
இனி பத்தாம் நம்பருக்கும் ஒரே முகம்.
அடுத்த நோய்
அந்த ஒரு முகத்தைப் படித்தால் போதும்.

கைபடாத கிளையில் காய் இரண்டு தொங்கியது.
கணக்கப்பிள்ளை திரும்பியபோது
படங்குக்குள் போட்டுக்கொண்டேன்.
லயத்துக்குப் பின்னால், மீன்டின் ஒன்றில்
ஒன்று அழுகியது.
மற்றது நேற்று இரண்டாம் இலை விட்டிருக்கிறது.
ரொஷாந்தன் குனிந்து சாம்பல் கண்ணால் பார்த்துவிட்டு
"அம்மா, இது வேற மாதிரி" என்றான்.
ஆமாம் என்றேன்.
தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.